கலெக்டர் என்னும் வார்த்தை



பட்டா விஷயமாக மனு எழுதிக் கேட்டு வந்த ஒரு தாயார், "ஆட்சித் தலைவர் என்றால் ராஜா மாதிரிதானே சாமி? காலில் விழ வேண்டுமா?" என்று கேட்டார். விழ வேண்டியதில்லை என்பதை அந்த உத்தியோகத்தின் இங்கிலீஷ் பெயரே சொல்லும்.

கலெக்டர் என்னும் வார்த்தையின் வேர் லத்தீன் பாஷையில் உள்ளது. 'கொல்லிஜெரே' என்றால் சேர்த்துத் திரட்டுதல். பூசையில் எல்லாருடைய வேண்டுதலையும் திரட்டிக் குருவானவர் சொல்லும் ஜெபத்திற்கு 'கொலெக்தா' என்ற பெயர் வந்ததும் இவ்வேரிலிருந்தே. ஞாயிறுதோறும் உங்கள் முன் வரும் கலெக்‌ஷன் தட்டும் அதே குடும்பந்தான். அதைப் பற்றி நான் அதிகம் பேசலாகாது!

கலெக்டர் திரட்டியது வரியை. 1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் இந்த உத்தியோகத்தை ஏற்படுத்தியது நிலவரி வசூலுக்காகவே. 1792-ல் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நமது பாரமகால் சீமைக்குக் காப்டன் அலெக்சாண்டர் ரீடு கலெக்டரானார். பிற்பாடு சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். நிலத்தை அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல், குடியானவனோடு நேரே வரி பேசும் ரயத்துவாரி முறை இவர்கள் கையில்தான் உருவெடுத்தது. ஒசூர்ப் பக்கம் 1799-ல் வந்து சேர்ந்தது. 1816-ல் மாஜிஸ்திரேட் அதிகாரமும் சென்னை ராஜதானிக் கலெக்டர்களுக்குக் கிடைக்கவே, வரி கட்டியவன் தன் வழக்கையும் அவரிடமே கொண்டுபோகலானான்.

ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் இதே அதிகாரிக்கு டிப்டி கமிஷனர் என்று பெயர். 1831 முதல் 1881 வரை மைசூரை பிரிட்டிஷ் கமிஷனர்கள் நிர்வகித்ததன் மிச்சம் அது. கமிஷனர் என்றால் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். எல்லை தாண்டித் தொழிற்சாலைக்குப் போகும் நம் வாலிபர்கள் காலையில் ஒருவர் ஜில்லாவில் விழித்து, மற்றவர் ஜில்லாவில் வேலை செய்கிறார்கள்.

திரட்டுகிறவர், பொறுப்பேற்றவர். இவ்விரண்டிலும் ஆளுகிறவர் என்ற அர்த்தமில்லை. நாம் மட்டும் தமிழில் 'ஆட்சியர்' என்று கிரீடம் சூட்டிவிட்டோம். வெள்ளைக்காரன்கூடத் தன் ஆளுக்கு இவ்வளவு பெரிய பெயர் வைக்கவில்லை என்பதே என் குறை.

2004-ல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவானது முதல் தருமபுரிக்கு அலையும் வேலை நமக்கு இல்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அந்தத் தாயாரின் மனுவில் வழக்கம்போல 'உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்' என்றுதான் எழுதினேன். ஆனால் நிமிர்ந்து நின்று கொடுத்துவிட்டு, மறவாமல் ரசீது வாங்கி வரும்படி சொல்லியிருக்கிறேன்.