பீடியை விடச் செல்பேசி துணை



கம்பத்தில் விடியுமுன் ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறும் ஆண்களில் அநேகருக்குக் கையில் பீடி, சட்டைப்பையில் செல்பேசி. பின்னது முன்னதை வெல்லுமா? கொஞ்சம் வெல்லும் என்பது ஆராய்ந்து கண்ட சங்கதி.

இங்கிலாந்தில் 5,800 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு, புகையை நிறுத்த நாள் குறிக்கச் சொல்லி, முதல் ஐந்து வாரமும் தினம் ஐந்து குறுஞ்செய்திகள் அனுப்பினர். ஆசை மேலிட்டால் ஒரு சொல் அனுப்பினால் போதும், உடனே ஆறுதலான பதில் வரும். புகை வேட்கை சில நிமிஷங்களில் தணிந்துவிடும் குணமுள்ளது; அதுவரை மனதைத் திருப்புவதே இதன் சூட்சுமம். ஆறு மாதம் கழித்து எச்சிலைப் பரிசோதித்தபோது, இவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேர் விட்டிருந்தனர். மற்ற பிரிவில் 5 பேரே. (பதினொன்றுதானா என்று இகழாதீர்கள், விட முயன்று தோற்றவரைக் கேளுங்கள்.)

நமது தேசத்திலும் சுகாதார அமைச்சகம் 2016-ல் இத்தகைய குறுஞ்செய்தித் திட்டத்தைத் தொடங்கிற்று. அதே வருஷம் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணும் வந்தது; இதில் ஆலோசகரோடு பேசலாம். 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொட்டலங்களிலேயே இந்த எண்ணை அச்சிடுகிறார்கள்.

வாசிக்கத் தெரியாத தாத்தா என்ன செய்வார்? பேத்தி எண்ணைப் போட்டுக் கொடுக்கட்டும். பேசவேண்டியவர் தாத்தாதான், அருகே நின்று அவரைத் திட்டவேண்டாம்.