வலது பக்கம் போக இடது லேன்: மேப்புக்கு நாமும் சொல்லித் தரலாம்

"மேப் போட்டாச்சு, இனி கவலை இல்லை" என்று நினைத்துத்தான் பலரும் சென்னை கத்திப்பாரா சந்திப்புக்குள் நுழைகிறோம். பாலத்தருகே "வலது பக்கம் திரும்பவும்" என்று குரல் வந்தால், கை தானாக வண்டியை வலது ஓரத்துக்குத் திருப்பும். இறங்கும் வளைவோ இடது பக்கம் இருக்கும்! கடைசி நொடியில் லேன்களைக் குறுக்கே வெட்டுவதும், ரிவர்ஸ் எடுப்பதும் இப்படித்தான் நடக்கிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்க நேரம் கிடைக்காது.

ஏன் இந்தக் குழப்பம்?

ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, மவுண்ட்–பூந்தமல்லி சாலை ஆகியவை கூடும் இடம் கத்திப்பாரா. 2008-ல் திறக்கப்பட்ட இந்த மேம்பாலம் குளோவர்லீஃப் வகை. நாம் சாலையின் இடப்புறம் ஓட்டுவதால், இந்த வகைப் பாலத்தின் பொது விதி இதுதான்:

• இடது பக்கம் போக: பாலத்துக்கு முன்பே பிரியும் இடது கிளை.
• வலது பக்கம் போக: பாலத்தைத் தாண்டி, இடது பக்கம் பிரியும் வளையம். அது முக்கால் வட்டம் சுற்றி நம்மைச் சேர்த்துவிடும்.

ஆக, இரண்டுக்குமே இடது லேன்தான்!

செயலிக்குத் தெரிந்தது எவ்வளவு?

திறந்த வெளியிலேயே போனின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் பிசகலாம். ஒரு லேனின் அகலம் பொதுவாக 3.5 மீட்டர். அதனால் நாம் எந்த லேனில் இருக்கிறோம் என்பது செயலிக்கு உறுதியாகத் தெரியாது. எந்த லேனுக்குப் போக வேண்டும் என்பதையும், மேப்பில் யாராவது பதிவு செய்திருந்தால்தான் அது சொல்லும்.

நாம் பதிவு செய்வது எப்படி?

2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடம். பல வழிகாட்டிச் செயலிகள் இதைப் பயன்படுத்துகின்றன.

1. வண்டி ஓட்டும்போது குறிப்பு எடுக்காதீங்க. பயணியாக உட்கார்ந்து லேன்களை எண்ணுங்க. தரையில் உள்ள அம்புக்குறிகளைக் கவனிங்க.
2. லேன் எண்ணிக்கை மாறும் இடத்தில் சாலைக்கோட்டைப் பிரித்து, புது எண்ணிக்கையைக் கொடுங்க.
3. போகும் திசையில், இடமிருந்து வலமாக ஒவ்வொரு லேனுக்கும் திசை எழுதுங்க.
4. கிளைச் சாலையில், பெயர்ப்பலகையில் உள்ள ஊர்ப்பெயரைச் சேருங்க.
5. சர்வீஸ் ரோட்டை முதன்மைச் சாலையின் லேனாக எண்ணாதீங்க.

கூகுள் மேப்ஸைப் பார்த்து இங்கே நகலெடுக்கக் கூடாது, உரிமம் அனுமதிக்காது. கூகுள் மேப்ஸிலேயே தவறு இருந்தால், அந்தச் செயலிக்குள்ளேயே திருத்தம் அனுப்பலாம்.

ஒரு சின்னப் பயிற்சி

மூன்று லேன் சாலை. இடது ஓர லேன் கிளைக்குள் இறங்குகிறது. மற்ற இரண்டும் நேரே போகின்றன. எப்படி எழுதுவீங்க?

விடை: இடது | நேர் | நேர். மூன்று லேன், மூன்று பதிவு. எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் எங்கோ தவறு.

மேப் சரி, பலகை இல்லையா?

லேன் கோடு அழிந்திருந்தாலோ, வழிப்பலகை மறைந்திருந்தாலோ, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033, மற்ற சாலைகளுக்கு முதல்வரின் உதவி மையம் 1100 ஆகிய எண்களில் சொல்லலாம். இடத்தை அடையாளம் காட்ட அருகிலுள்ள தூண் எண்ணையோ பஸ் நிறுத்தத்தையோ குறிப்பிடுங்க.

அப்படியும் வளைவை விட்டுட்டீங்களா? பதறாம நேரே போங்க. மேப் புது வழி காட்டும். ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை, பத்திரமாகப் போய்ச் சேரலாம்.