ஹெபடைடிஸ் சி சிகிச்சையின்போது இரத்தச் சர்க்கரை குறைவது ஏன்?

ஹெபடைடிஸ் சி நோய்க்கான மாத்திரைகளைத் தொடங்கிய சில வாரங்களில், நீரிழிவும் உடைய சிலர் எம்மிடம் ஒரே முறையீட்டுடன் வருவதுண்டு. உணவில் மாற்றமில்லை, இன்சுலின் அளவும் பழைய அளவே; ஆயினும் கை நடுங்குகிறது, உடல் வியர்க்கிறது. புதிய மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை எனக் கருதி அதனை நிறுத்திவிடுவோரும் உளர். அது தவறு. பெரும்பாலும் குறைக்க வேண்டியது நீரிழிவு மருந்தையே.

காரணம் கல்லீரலில் உள்ளது. உண்ணாத வேளைகளில் இரத்தத்திற்குச் சர்க்கரையை அளிப்பது கல்லீரல். போதும் என்று அதற்கு உணர்த்துவது இன்சுலின். கல்லீரல் உயிரணுக்களில் குடியேறும் இவ்வைரஸ், அழற்சியை உண்டாக்குவதோடு இன்சுலின் விடுக்கும் செய்தியையும் இடைமறிக்கிறது. தசைகளும் நாளடைவில் அச்செய்திக்கு மந்தமாகின்றன. இதுவே இன்சுலின் எதிர்ப்பு. வைரஸ் அகன்றதும் செய்தி மீண்டும் சென்றடைகிறது. நேற்றுவரை போதாதிருந்த இன்சுலின் இன்று மிகையாகிறது.

முற்காலத்து இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்கு நீரிழிவையே தோற்றுவித்ததுண்டு. 2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சொபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை நேரடியாகத் தாக்குபவை. வழக்கமாக 12 வாரங்களில் சிகிச்சை முடிகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமடைகின்றனர். முதல் சில வாரங்களிலேயே வைரஸின் அளவு வெகுவாகச் சரிவதால், முதல் மூன்று மாதங்களில் கண்காணிப்பு மிகுதியாக வேண்டும். இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ கொள்வோர், காலையில் வெறும் வயிற்றிலும் இரவு படுக்குமுன்னும் சர்க்கரையைச் சோதித்துக் குறித்து வருதல் நன்று.

அளவு 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தடுமாறியவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்து வருக.

கல்லீரல் சீரானால் நீரிழிவும் நீங்கிவிடும் என்று அண்டை வீட்டார் கூறக்கூடும். அனைவருக்கும் அவ்வாறு நிகழ்வதில்லை. கல்லீரல் சுருங்கி இறுகியோருக்கும் பல்லாண்டு நீரிழிவு உடையோருக்கும் மாற்றம் சிறிதளவே இருக்கலாம். பசி திரும்பி உடல் எடை கூடினால், குறைந்த சர்க்கரை மறுபடி ஏறுவதும் உண்டு. ஆகவே மருந்தின் அளவை மருத்துவரே மாற்றட்டும். ரிபாவிரினும் சேர்த்து உட்கொள்வோர்க்கு இரத்தசோகை நேர்ந்தால், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி உண்மையினும் குறைவாகத் தோன்றும். அவர்கள் அதனை மட்டும் நம்பலாகாது.

சிகிச்சை முடிந்த 12ஆம் வாரம் வைரஸ் பரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் குறித்த சர்க்கரைக் கணக்கேட்டையும் உடன் கொண்டுவருக.