கையை விட்டுப் போகாத வாடை

மீன் வெட்டின கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியாச்சு. ஆனாலும் மூக்குக்கிட்ட கொண்டு போனால் அதே கவுச்சி. உடனே நாலாவது தடவையும் அதே சோப்பைத்தான் எடுக்கிறோம். கையில் ஒட்டும் வாடை எல்லாம் ஒரே ரகம் இல்லை, தம்பி தங்கைகளே. ஒன்றைப் போக்குவது இன்னொன்றைப் போக்காது. எது எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்டால் அடுப்படியில் இருக்கிற புளி, உப்பு, எண்ணெயை வைத்தே வேலையை முடித்துவிடலாம்.

இதை எதற்கு இளைஞர் வகுப்பில் பாடமாக வைக்கணும் என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகளில் சிலர் பள்ளி விடுமுறையில் பாசாரில் மீன் கடைக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் மோட்டார் பட்டறையில் நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராகக் கோயிலுக்கு வந்தால், பூ கட்டுகிற இடத்தில் உட்காரக் கூச்சம், பிரசாதம் பரிமாறக் கூச்சம். "அண்ணா, என் கை நாறுது, வேற யாரையாவது கொடுக்கச் சொல்லுங்க" என்று பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். யாராவது ஒருத்தர் மூக்கைப் பொத்திக் கேலி செய்துவிட்டால் போதும், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அதிபத்த நாயனார் கதையைச் சொல்லுங்கள். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வாழ்ந்த மீனவர் அவர். வலையில் கிடைக்கும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று தினமும் கடலில் விடுவார். நாள் முழுக்க வலை வீசி ஒரே ஒரு மீன் கிடைத்த நாட்களிலும், வீட்டில் பசி இருந்தும், அதை விட்டுவிட்டார். கடைசியில் பொன் மீன் கிடைத்தபோது அதையும் விட்டார். 63 நாயன்மார்களில் அவரும் ஒருவர். அவர் கையில் என்ன சந்தன வாசமா அடித்திருக்கும்? உழைத்த கையைக் கழுவிவிட்டு வந்து பிரசாதம் கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இனி எப்படிக் கழுவுவது என்று பார்ப்போம்.

மீனிலிருந்தே தொடங்கலாம். கடல் மீனின் உடம்பில் வாடையே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. மீன் செத்த பிறகு நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்திலமைன் என்ற பொருளாக மாற்றுகின்றன. கவுச்சி அதிலிருந்துதான் வருகிறது. புது மீனுக்கு வாடை குறைவாக இருப்பதும் இதனால்தான். இந்தப் பொருள் காரத்தன்மை உள்ளது. மிளகாய்க் காரம் இல்லை. அறிவியல் வகுப்பில் லிட்மஸ் தாளை நீலமாக்குமே, அந்தக் காரம். நாம் குளிக்கும் கட்டிச் சோப்பும் பெரும்பாலும் காரம்தான். அதனால் சோப்பு மட்டும் போட்டால் கவுச்சி அசையாது. புளிப்பு பட்டால் அது ஒரு வகை உப்பாக மாறும். அந்த உப்பு காற்றில் பறக்காது, தண்ணீரில் கரைந்து போய்விடும். காற்றில் பறந்து மூக்குக்கு வராவிட்டால் வாடையும் தெரியாது.

செய்முறை இதுதான். முதலில் பச்சைத் தண்ணீரில் செதிலும் வழவழப்பும் போகக் கழுவுங்கள். பிறகு நெல்லிக்காய் அளவு புளியைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஒரு சிட்டிகை கல் உப்பு சேர்த்து, விரல் இடுக்கிலும் நகத்தைச் சுற்றியும் ஒரு நிமிடம் தேய்த்து அலசுங்கள். கடைசியில்தான் சோப்பு. இந்த வரிசை முக்கியம். புளி இல்லையென்றால் ஒரு கரண்டி வினிகர் போதும். பாட்டிமார்கள் மீனையே புளியும் உப்பும் போட்டு அலசுவார்கள், குழம்பிலும் புளி ஊற்றுவார்கள். பினாங்கு அசாம் லக்சாவிலும், மலாய்க்காரர் வீட்டு அசாம் பெடாஸிலும் மீனோடு புளிப்பு சேர்வதும் இதே கணக்குதான். சமையல் சோடா எல்லா வாடையையும் போக்கும் என்று சிலர் சொல்வார்கள். மீன் விஷயத்தில் அதை நம்ப வேணாம், சோடாவும் காரம்தான். பெலாச்சான் இடித்த கைக்கும் முதலில் புளிதான்.

இத்தனை செய்தும் வாடை வருகிறது என்றால் மணிக்கட்டைப் பாருங்கள். கோயிலில் கட்டின கயிறு மீன் தண்ணீரைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். பல பேருக்கு வாடை வருவது அங்கிருந்துதான். கயிற்றையும் புளித் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டு, நன்றாகக் காய விடுங்கள். மோதிரத்தைக் கழற்றிக் கழுவுங்கள்.

எலுமிச்சையும் மீன் வாடைக்கு நல்லதுதான். ஆனால் ஓர் எச்சரிக்கை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலோடு வெயிலில் நின்றால், சாற்றில் இருக்கும் ஒரு பொருளும் சூரிய ஒளியும் சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். அப்போதே தெரியாது. ஒன்று இரண்டு நாள் கழித்துச் சிவந்து, சிலருக்குக் கொப்புளம் வரும், பிறகு கருமை பல வாரம் நிற்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நின்று நூற்றுக்கணக்கில் எலுமிச்சை பிழிகிற தொண்டர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளணும். பிழிந்ததும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்க.

பூண்டும் வெங்காயமும் வேறு கதை. உரிக்காத பூண்டுக்கு அவ்வளவு வாடை கிடையாது. கத்தி பட்டதும் உள்ளே தனித்தனியாக இருந்த பொருள்கள் ஒன்று கலந்து கந்தகம் கொண்ட புதுப் பொருள்கள் உண்டாகின்றன. இவை தண்ணீரைவிட எண்ணெயில் சுலபமாகக் கரையும். ஆகவே தண்ணீர் படுவதற்கு முன்னால் அரைக் கரண்டி தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, அதன்மேல் கடலை மாவு போட்டு உருட்டி எடுத்து, அப்புறம் சோப்புப் போடுங்கள். எவர்சில்வர் கரண்டியைத் தண்ணீரில் பிடித்துத் தேய்த்தால் பூண்டு வாடை போய்விடும் என்று நிறைய பேர் சத்தியம் செய்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. செலவில்லாத காரியம், செய்து பார்க்க விரும்பினால் பாருங்கள், கத்தியின் கூர் பக்கத்தை மட்டும் தொடாதீங்க.

டுரியானுக்கு நம் நாட்டு வழக்கம் எல்லோருக்கும் தெரியும்: தின்று முடித்த ஓட்டின் உட்புறத்தில் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரில் கையைக் கழுவுவது. பிறகு சோப்பு. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் டுரியானுக்குத் தடை இருப்பது தெரிந்ததே. பழத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும், கையைக் கழுவாமல் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

பட்டறைத் தம்பிகளுக்கு: கிரீஸ் பட்ட கையில் சமையல் எண்ணெயும் சீனியும் போட்டுத் தேய்த்து, பழைய துணியால் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவுங்கள். பெட்ரோலிலோ தின்னரிலோ கை கழுவுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். அது தோலை வறட்டி வெடிக்க வைக்கும். பெட்ரோல் வாடை மிச்சம் இருக்கிற கையோடும் சட்டையோடும் கற்பூரம் ஏற்றவும் போகாதீங்க.

கோயில் கோத்தோங் ரோயோங்கில் கழிப்பறை கழுவினால் கையில் குளோராக்ஸ் வாடை நிற்கும். அதற்குத் தண்ணீரும் சோப்பும் மட்டும்தான். புளிப்பு எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைத்து வினிகரையோ எலுமிச்சையையோ அதோடு கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. தரையில் ஊற்றும்போதும் இரண்டையும் சேர்க்கக் கூடாது.

உண்டியல் காசு எண்ணினாலும் இரும்புக் கேட்டைப் பிடித்தாலும் ஓர் "இரும்பு வாடை" வரும், கவனித்திருக்கிறீர்களா? அது உலோகத்தின் வாடை இல்லை. நம் தோலின் எண்ணெய்ப் பசை உலோகத்தோடு சேர்ந்து மாறுவதால் வருவது. சாதாரண சோப்பே போதும்.

அடுத்த வகுப்புக்குள் ஒரு சோதனை. மூன்று விரல்களில் பூண்டைத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு விரலுக்குச் சோப்பு மட்டும், ஒன்றுக்கு எண்ணெயும் சோப்பும், ஒன்றுக்கு எவர்சில்வர் கரண்டி. கண்ணைக் கட்டிய நண்பர் மோந்து பார்த்து வரிசைப்படுத்தட்டும். எந்த விரலுக்கு என்ன செய்தீர்கள் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. முடிவை நோட்டில் எழுதிக் கொண்டு வாங்க, கரண்டிக் கட்சியும் எண்ணெய்க் கட்சியும் வகுப்பில் மோதிப் பார்க்கலாம்.