நடிகராக ஆசையா? கைகொடுக்கும் 20 குறிப்புகள்

வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் அறை எடுத்துத் தங்கி, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். முன்பு கக்கத்தில் ஆல்பம் இருந்தது. இப்போது படங்கள் செல்போனுக்குள் போய்விட்டன. அலைச்சல் மட்டும் குறையவில்லை. நன்றாக நடிக்கக்கூடிய பலரும் பாதியில் ஊர் திரும்பக் காரணம், காத்திருக்கும் காலத்தை எப்படி நடத்துவது என்று தெரியாமல் போவதுதான். அதற்கான குறிப்புகள் இவை. பிள்ளைக்கு நடிப்பு ஆசை என்று கவலைப்படும் பெற்றோரும் படிக்கலாம்.

1. முதல் மேடை ஊரிலேயே: கல்லூரி நாடகம், திருவிழா நாடகம், நண்பர் எடுக்கும் குறும்படம் என்று எது கிடைத்தாலும் நடியுங்கள். ஒரு வருடம் இப்படி நடித்தால், உங்களுக்குப் பிடித்தது நடிப்பா, அதற்குக் கிடைக்கும் கைதட்டலா என்று தெரிந்துவிடும். கைதட்டல்தான் என்றால் சென்னை டிக்கெட் காசு மிச்சம்.

2. ஆறு மாதச் செலவு கையில்: அறை அட்வான்ஸ், வாடகை, சாப்பாடு, பஸ், போன் ரீசார்ஜ் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். ஆறு மாதத்துக்கான தொகை சேர்ந்த பிறகு கிளம்புங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து அறை எடுத்தால் செலவு பாதியாகும். வட்டிக்கு வாங்கி வரவே வராதீர்கள். கடன்காரன் போன் அடிக்கும்போது வசனம் மனதில் நிற்காது.

3. பக்க வேலை அவமானமில்லை: ஷூட்டிங் அழைப்பு பெரும்பாலும் முந்தின நாள் இரவுதான் வரும். அதனால், திடீரென்று விடுப்பு எடுக்க முடிகிற வேலையாகப் பாருங்கள். டெலிவரி, டியூஷன், கணக்கு எழுதுவது என்று எதுவும் சரி. துபாயில் கணக்காளராக இருந்த விஜய் சேதுபதி, சென்னை திரும்பி கூத்துப்பட்டறையிலும் கணக்காளராகத்தான் சேர்ந்தார். நடிப்பை அங்கே பக்கத்தில் இருந்து பார்த்தே நிறையக் கற்றார்.

4. பயிற்சி எங்கே?: ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று பலர் வந்தார்கள். முறையான படிப்பு வேண்டுமென்றால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு. மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. தனியார் வகுப்பு என்றால் பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். மாணவர்கள் எழுந்து நடிக்கிறார்களா, ஆசிரியர் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். "கோர்ஸ் முடிச்சதும் சான்ஸ் வாங்கித் தர்றோம்" என்று விளம்பரம் செய்யும் இடத்தைத் தவிர்த்துவிடலாம்.

5. தினம் ஒரு மணி நேரம்: காலையில் நாளிதழின் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். ல, ள, ழ, ர, ற தடுமாறும் இடங்களில் கோடு போட்டு மறுபடி வாசியுங்கள். பிறகு ஒரு பக்க வசனத்தை மனப்பாடம் செய்து, பாத்திரம் கழுவிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ சொல்லிப் பாருங்கள். கை வேறு வேலையில் இருக்கும்போதும் வசனம் தடங்கலில்லாமல் வந்தால்தான் அது உங்களுடையது.

6. சொந்த ஊர்ப் பேச்சை விடாதீர்கள்: சென்னைக்கு வந்ததும் பலர் முதலில் தொலைப்பது அதைத்தான். நெல்லையோ, கொங்கோ, மதுரையோ, வடசென்னையோ, உங்கள் பேச்சு உங்களுக்கான தனித் தகுதி. அதோடு இன்னொரு வட்டார வழக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். நீச்சல், சிலம்பம், கியர் பைக், பறை, தையல் என்று கையில் இருக்கும் எந்த வித்தையும் ஒருநாள் உதவும். தெரியாததைத் தெரியும் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏரிக்கரையில் யூனிட்டே காத்திருக்கும்போது, நீச்சல் தெரியாது என்று சொன்னால் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

7. ஐந்து போட்டோ போதும்: நேர்முகம், இடப்பக்கம், வலப்பக்கம், முழு உருவம், சிரித்த முகம். ஃபில்டர், கூலிங் கிளாஸ், கனத்த மேக்கப் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் நண்பர் செல்போனில் எடுத்தாலும் போதும். பெரிய தொகை கொடுத்து ஆல்பம் போட அவசியமில்லை. தாடி, முடி, எடை மாறினால் புதிதாக எடுங்கள். படத்தில் இருப்பவர்தான் நேரிலும் வர வேண்டும்.

8. ஒரு பக்க விவரம்: பெயர், வயது, உயரம், சொந்த ஊர், பேசும் மொழிகள், தெரிந்த கலைகள், நடித்தவை, போன் எண். இவ்வளவுதான். 'நடிப்பே என் உயிர்' போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். எந்த வயதுப் பாத்திரங்களுக்குப் பொருந்துவீர்கள் என்பதையும் எழுதினால், தேர்வு செய்பவருக்கு வேலை மிச்சம்.

9. வீட்டிலேயே ஆடிஷன் வீடியோ: இப்போது முதல் கட்டத் தேர்வு பெரும்பாலும் செல்போன் வீடியோவில்தான். ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள்; ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். பின்னால் வெறும் சுவர், அல்லது கசங்காத ஒற்றை நிறப் பெட்ஷீட். செல்போனைப் படுக்கை வாட்டில், கண் மட்டத்தில் வையுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் ஸ்டூல் மேல் அரிசி டப்பாவை வைத்து அதில் சாய்க்கலாம். செல்ஃபி கேமராவைவிடப் பின்பக்கக் கேமராவில் படம் தெளிவாக இருக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள்; குக்கர் விசில், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் அடங்கிய நேரமாகப் பாருங்கள். எதிர் வசனம் படிப்பவர் கேமராவை ஒட்டி நின்று, தணிந்த குரலில் படிக்கட்டும். நீங்கள் அவரைப் பார்த்துப் பேசுங்கள். கோடு போட்ட சட்டை, எழுத்து உள்ள பனியன் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது. ஃபைலுக்கு உங்கள் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் வையுங்கள்.

10. ஆடிஷன் அன்று: அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். "இந்தக் காட்சிக்கு முன்னாடி என்ன நடக்குது சார்?" என்று ஒரு கேள்வி கேட்பதில் தப்பில்லை. பெரிய நடிகரைப் போல நடித்துக் காட்டாதீர்கள். அவர் ஏற்கெனவே இருக்கிறார். வேறு மாதிரி செய்யச் சொன்னால் சந்தோஷப்படுங்கள். சொன்னதைச் சட்டென்று வாங்கிக்கொள்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து அதை மறந்துவிடுங்கள்.

11. காசு கேட்டால் அது வாய்ப்பு இல்லை: பதிவுக் கட்டணம், மேக்கப் டெஸ்ட், காஸ்டியூம் டெபாசிட், சங்க கார்டு எடுக்க முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இந்தத் தொழிலில் நடிகருக்குத்தான் பணம் வர வேண்டும். பெரிய நிறுவனத்தின் பெயரில் அறிவிப்பு வந்தால், அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் பணம் ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும்.

12. பெண்கள் கவனத்துக்கு: சந்திப்பு பகலில், அலுவலகத்தில் என்று நீங்களே சொல்லுங்கள். ஹோட்டல் அறை, இரவு நேரம், 'தனியாக வாங்க' என்றால் போகாதீர்கள். போகும் இடத்தை வீட்டிலோ தோழியிடமோ சொல்லிவிட்டுப் போங்கள். கதைக்குத் தேவை என்று சொல்லி அந்தரங்கப் படங்கள் கேட்பவரை அங்கேயே பிளாக் செய்யலாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், படப்பிடிப்பும் பணியிடம்தான். பெண்கள் உதவி எண் 181.

13. சின்ன வேடமும் குறும்படமும்: விஜய் சேதுபதி 'புதுப்பேட்டை'யிலும் (2006) 'வெண்ணிலா கபடிக் குழு'விலும் (2009) சின்ன வேடங்களில் வந்தார். 2010-ல் 'தென்மேற்குப் பருவக்காற்று' நாயகன். குறும்படம் எடுத்த காலத்தில் பழக்கமான கார்த்திக் சுப்பராஜ்தான் பிறகு அவரை வைத்து 'பீட்சா' (2012) எடுத்தார். இன்று சம்பளமில்லாமல் குறும்படம் எடுப்பவர் நாளை படம் எடுக்கலாம். ஆனால் கதையைக் கேட்டு ஒப்புக்கொள்ளுங்கள். முடிந்த படத்தின் பிரதி உங்களுக்கும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

14. ஷூட்டிங் ஸ்பாட்டில்: தரையில் ஒட்டிய டேப்தான் உங்கள் மார்க். குனிந்து பார்க்காமல் அதில் வந்து நிற்க, மானிட்டர் (ஒத்திகை) போகும்போதே எத்தனை அடி என்று எண்ணிக்கொள்ளுங்கள். வைட் ஷாட்டில் எந்த வார்த்தை சொல்லும்போது டம்ளரை எந்தக் கையால் எடுத்தீர்கள் என்பது நினைவிருக்கட்டும். இரண்டு மணி நேரம் கழித்து க்ளோஸ் வைக்கும்போதும் அதே வார்த்தைக்கு அதே கை எழ வேண்டும். இல்லையென்றால் எடிட்டிங்கில் உங்கள் ஷாட்தான் முதலில் போகும். லைட்மேன், மேக்கப்காரர், புரொடக்‌ஷனில் டீ கொடுப்பவர் எல்லோரையும் மரியாதையாக நடத்துங்கள். அடுத்த படத்துக்கு உங்கள் பெயரைச் சொல்பவர் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

15. டப்பிங் கற்றுக்கொள்ளுங்கள்: 1990-ல் 'என் காதல் கண்மணி'யில் அறிமுகமான விக்ரமுக்கு 'சேது' வந்தது 1999-ல். நடுவில் 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தார். நீண்ட காலம் டப்பிங் கலைஞராக உழைத்த எம்.எஸ். பாஸ்கர், 'பார்க்கிங்' படத்துக்காகத் துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றார். உதட்டசைவுக்குப் பேசிப் பழகியவருக்கு மூச்சை எங்கே நிறுத்துவது என்று தானாகத் தெரியும். வருமானமும் உண்டு.

16. பேசிய தொகையை எழுத்தில்: பெரிய ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், எத்தனை நாள், என்ன சம்பளம், பேட்டா உண்டா, பாக்கி எப்போது என்பதைப் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி 'ஓகே' வாங்கிவிடுங்கள். பாக்கித் தொகையை டப்பிங் முடிவதற்குள் கேளுங்கள். அதன் பிறகு கேட்க உங்களிடம் பிடி எதுவும் இருக்காது. சம்பளத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால், கணக்குத் தாக்கல் செய்து, வரி கட்ட வேண்டியதைவிடக் கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். பான் கார்டு அவசியம்.

17. சங்கத்தில் சேர: சினிமாவுக்குத் தென்னிந்திய நடிகர் சங்கம், சீரியலுக்கும் டப்பிங்குக்கும் தனித்தனிச் சங்கங்கள். விதிமுறையை அந்தந்த அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கட்டணத்தை அங்கேயே கட்டி ரசீது வாங்குங்கள். இடைத்தரகர் வேண்டாம்.

18. குழந்தையை நடிக்க வைக்கும் பெற்றோருக்கு: 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பு நிதியில் போட வேண்டும். இவை சட்டம் சொல்பவை, கேட்கத் தயங்காதீர்கள்.

19. தொடர்பு நோட்டு: யாரைச் சந்தித்தீர்கள், எந்தத் தேதி, எந்தப் படத்துக்கு, என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். தினம் 'குட் மார்னிங்' அனுப்பினால் எண்ணை பிளாக் செய்துவிடுவார்கள். புதிதாக நடித்த காட்சி ஏதாவது இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மட்டும் அனுப்புங்கள். உதவி இயக்குநர்களோடு நட்பாக இருங்கள். நாளைய இயக்குநர்கள் அவர்களிலிருந்துதான் வருகிறார்கள்.

20. ஆண்டுக்கொரு கணக்கு: வருடக் கடைசியில் உட்கார்ந்து, எத்தனை ஆடிஷன், எத்தனை வேடம், எவ்வளவு வருமானம், புதிதாக என்ன கற்றீர்கள் என்று எழுதுங்கள். போன வருடத்தைவிட ஏதாவது ஒன்று கூடியிருந்தால் தொடரலாம். தொடர்ந்து எதுவுமே நகரவில்லை என்றால், வீட்டாரோடு பேசி முடிவெடுப்பதில் தோல்வி ஒன்றுமில்லை. ஊரில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போடுபவரும் நடிகர்தான்.

வாய்ப்பு வரும் தேதியை யாராலும் சொல்ல முடியாது. அதுவரை வாடகை பாக்கி இல்லாமலும் பயிற்சி விடாமலும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இந்த இருபதில் இன்றைக்கே செய்து பார்க்கக்கூடியது ஒன்பதாவது குறிப்பு. வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.