கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்

நம்மிடம் உள்ளவை யாவும் இறைவன் நம்மை நம்பி ஒப்படைத்தவை. அவற்றுக்கு நாம் உடைமையாளர் அல்லர், பொறுப்பாளர். பெற்றதைப் பேணுதல், பெருக்குதல், பிறருக்குக் கொடுத்தல் ஆகிய மூன்றும் பொறுப்பாளரின் கடமைகள். ஞாயிறு திருப்பலியில் நாம் இடும் காணிக்கை இக்கடமையின் தொடக்கமே அன்றி முடிவு அன்று. இதைச் சற்று ஆராய்வோம்.

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். தலைவர் ஒருவர் பயணம் போகுமுன் பணியாளர் மூவரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைக்கிறார். ஒன்று பெற்றவர் அதை மண்ணில் புதைத்து வைக்கிறார். “பாவம், அவருக்குக் கிடைத்தது ஒன்றுதானே!” என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியத்துக்குச் சமம். ஒரு தெனாரியம் அக்காலக் கூலியாளின் ஒரு நாள் ஊதியம். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று கணக்கிட்டால், ஒரு தாலந்து 20 ஆண்டு உழைப்பின் ஊதியம்! குறைவாகப் பெற்றவரும் மிகுதியாகவே பெற்றிருந்தார். அவர் அதைத் திருடவில்லை. வீண் செலவும் செய்யவில்லை. ஒன்றுமே செய்யாதிருந்ததுதான் அவருடைய குற்றம்.

அப்படியானால் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் வாழும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட தாலந்துகள் எவை?

முதலாவது, நீர். தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. பின்னர் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை வழியாகச் சென்று கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அண்மை ஆண்டுகளில் கெலவரப்பள்ளியில் பலமுறை வெள்ளை நுரை மலைபோல் பொங்கியது. பெங்களூருப் பக்கமிருந்து வரும் கழிவுநீரில் கலந்த சோப்புத்தூளும் இரசாயனங்களும் இதற்குக் காரணம். மேலே உள்ளவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் நமக்குக் கீழேயும் ஊர்கள் உண்டு; கிருஷ்ணகிரி உழவருக்கு நாம்தான் மேலே இருப்பவர்கள். “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது பழமொழி. நாமோ அளக்காமலே குப்பையையும் சாக்கடையையும் விடுகிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் பூமியை நமது பொது இல்லம் என்றார். அந்த இல்லத்தின் நீரைப் பெற்றதைவிடத் தூய்மையாக அடுத்த ஊருக்குக் கொடுப்பதே பொறுப்பாளரின் பணி.

இரண்டாவது, மொழியும் கல்வியும். இந்த எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. தொழிற்சாலை வேலை தேடி ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துப் புரியாது. கடையில் விலை கேட்கவும் தெரியாது. அவர்களுக்கு ‘அ, ஆ’ சொல்லித்தர நாளுக்கு அரை மணி நேரம் போதும். பணம் தேவையில்லை. கற்ற கல்வியை நமக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் அதுவும் புதைத்த தாலந்தே.

மூன்றாவது, உணவு. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்து ஏழைகளுக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. மிசோரம் மாநிலக் கிறிஸ்தவப் பெண்களும் 1910 முதல் இவ்வாறே சேர்த்துத் தங்கள் திருச்சபையைத் தாங்கி வருகிறார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உண்டபின் மிஞ்சியதை அவர்கள் கொடுப்பதில்லை. சமைக்குமுன் முதலில் எடுத்து வைக்கிறார்கள். நம் பக்கத்து வீடுகளில் ஒரு பிடி கேழ்வரகையும் அவ்வாறே சேர்க்கலாம் அன்றோ?

“நாம் மாணவியர்தானே, நம்மால் என்ன ஆகும்?” என்று சிலர் கேட்கலாம். 1833இல் பாரிஸ் நகரில் பிரடெரிக் ஓசானாம் என்னும் 20 வயது மாணவர், சில தோழர்களுடன் சேர்ந்து வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார். ஏழைகள் தங்களைத் தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தாங்களே ஏழைகளின் வீடுகளுக்குச் சென்றார்கள். அதற்கு அவர்களுக்கு வழிகாட்டியவர் ரோசலி ரென்டு என்னும் அருட்சகோதரி. இன்று அச்சபை தமிழ்நாட்டின் பங்குகள் பலவற்றிலும் பணிபுரிகிறது.

தோழியரே, தலைவர் ஒருநாள் திரும்பி வந்து கணக்குக் கேட்பார். எவ்வளவு பெற்றாய் என்பதை அவரே அறிவார்; அதைக் கொண்டு என்ன செய்தாய் என்பதற்கே நாம் விடை சொல்ல வேண்டும். ஒரு குடம் நீர், அரை மணி நேரம், ஒரு பிடி தானியம் ஆகியவற்றிலிருந்து இன்றே அந்தக் கணக்கைத் தொடங்குவோமாக!