லிங்க்டு லிஸ்ட் காத்திருக்கட்டும்

கேள்வி: அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பொழுதுபோக்காகப் பைத்தான் கற்றுக்கொண்டேன். என்னைப் போல ஆர்வம் உள்ள சிலர் சனிக்கிழமை மாலைகளில் வீடியோ காலில் கூடுகிறோம். தையல் கடை வைத்திருப்பவர், பறவை பார்ப்பவர், குறுக்கெழுத்துப் பிரியர், இல்லத்தரசிகள் என்று கலவையான குழு. பாதிப் பேரிடம் கைப்பேசி மட்டும்தான். லூப், ஃபங்ஷன் வரை உற்சாகமாகப் போனது. டேட்டா ஸ்ட்ரக்சர் என்று லிங்க்டு லிஸ்ட்டை ஆரம்பித்ததும் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். நான் எழுதிக் காட்டும்போது "புரியுதுக்கா" என்கிறார்கள். மறு வாரம் ஒருவராலும் தனியாக எழுத முடியவில்லை. இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ராத்திரியில் எர்ரரைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களுக்கு நானே திருத்தி அனுப்பிவிடுகிறேன். எங்கே தவறுகிறது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள அம்மா, லிங்க்டு லிஸ்ட்டை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் நண்பர்கள் சோர்ந்துபோனது திறமைக் குறைவால் அல்ல. அவர்களுக்குத் தேவை வருவதற்கு முன்பே தீர்வு வந்துவிட்டது.

1950-களின் நடுவில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் மூவரும் தர்க்கத் தேற்றங்களை நிறுவும் நிரல் ஒன்றை எழுதினார்கள். அது ஓடும்போது எத்தனை சூத்திரங்கள் உருவாகும், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. கணினியின் நினைவகமோ மிகச் சிறியது. வரிசையாக இடம் ஒதுக்காமல், கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு அடுத்தது எங்கே இருக்கிறது என்ற குறிப்பையும் கூடவே வைக்கும் ஏற்பாடு அந்த நெருக்கடியில் பிறந்தது. அதுதான் லிங்க்டு லிஸ்ட். உங்கள் தையல் கடைக்காரருக்கு அந்த நெருக்கடி இல்லை. பைத்தானின் லிஸ்ட் தேவைக்கேற்பத் தானாகவே நீளும். அந்த வசதி இல்லாத சி மொழியில் லிங்க்டு லிஸ்ட்டைச் சீக்கிரம் கற்பிப்பதற்கு நியாயம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் டேட்டா ஸ்ட்ரக்சர் பாடங்களில் நிறைய, வேலைக்கான நேர்முகத் தேர்வை மனத்தில் வைத்துச் செய்தவை. உங்கள் குழுவில் யாரும் நேர்முகத் தேர்வுக்குப் போகப்போவதில்லையே.

குறுக்கெழுத்துப் பிரியரிடமிருந்து தொடங்குங்கள். ஒரு சொல்லை இரு பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று சொல்லும் நிரலை அவர் எழுதட்டும். எழுத்துச் சரத்தைத் திருப்பிப்போட்டு, பழையதோடு ஒப்பிட்டால் முடிந்தது. இரண்டு மூன்று வரி வேலை. அதில் "விகடகவி" என்று கொடுக்கச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வரும். பள்ளிக்கூடத்திலிருந்து நமக்குத் தெரிந்த சொல்லை நிரல் மறுக்கிறது. குழு முழுக்க நிமிர்ந்து உட்காரும்.

நீளத்தைக் கேட்டுப் பார்த்தால் பைத்தான் 7 என்கிறது. நாம் எண்ணினால் 5. யூனிகோடில் "வி" என்பது இரண்டு குறிகள்: வ ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. அப்படியே திருப்பும்போது முதல் கொக்கி தன் எழுத்தை விட்டுவிட்டு ககரத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடைசிக் கொக்கியோ ஒட்ட எழுத்தே இல்லாமல் முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே சரத்தை நேராகத் திருப்பக் கூடாது. முதலில் எழுத்து எழுத்தாகப் பிரித்து ஒரு லிஸ்டில் போட வேண்டும். இடமிருந்து ஒவ்வொரு குறியாக வருவோம். உயிர்மெய்க் குறியோ புள்ளியோ வந்தால் லிஸ்டின் கடைசி உறுப்போடு ஒட்டு. வேறு எது வந்தாலும் புதிய உறுப்பாகச் சேர். குறிகளை எங்கே வைப்பது? இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கப்போகிறோம், ஆகவே ஒரு செட். லிஸ்டில் கடைசி முனையை மட்டும்தானே தொடுகிறோம்? அதற்குப் பெயர் ஸ்டாக். அந்த முனையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் திருப்பிய வரிசை கிடைத்துவிடுகிறது. பெயர்களைக் கடைசியில் சொல்லுங்கள். வேலையைச் செய்து முடித்த பிறகு வரும் பெயர் மறக்காது. "க்ஷ" வந்தால் இந்த முறை அதை க் என்றும் ஷ என்றும் இரண்டாகப் பிரித்துவிடும். அதை என்ன செய்வது என்று அவர்களே சண்டை போடட்டும்.

பறவை பார்ப்பவருக்கு டிக்ஷனரி இயல்பாக வரும்: பறவையின் பெயர், பார்த்த எண்ணிக்கை. வேகத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் வாயால் விளக்காதீர்கள், காத்திருக்க வையுங்கள். 1 லட்சம் சொற்களை ஒரு லிஸ்டில் போட்டு, அதில் இல்லாத 10,000 சொற்களைத் தேடச் சொன்னால் 100 கோடி ஒப்பீடுகள். கைப்பேசியில் உட்கார்ந்து அலுத்துப்போவார்கள். அதே சொற்களை ஒரு செட்டில் போட்டுத் தேடினால் உடனே முடிந்துவிடும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள். ஹாஷ் என்ற பேச்சை அப்போது எடுங்கள்.

இனி அந்த "புரியுதுக்கா". அவர்கள் பொய் சொல்லவில்லை. பிறர் எழுதிய நிரலைப் பின்தொடர்வது ஒரு திறன், தானே எழுதுவது வேறொரு திறன். கணினி அறிஞர் ஜான் பென்ட்லி தொழில்முறை நிரலாளர்களிடம் பைனரி சர்ச் நிரலை எழுதச் சொல்லிப் பார்த்தார். எல்லாருக்கும் தெரிந்த முறை, போதுமான நேரமும் கொடுத்தார். பத்தில் ஒரு பங்கினரே சரியாக எழுதினார்கள். ஜாவா மொழியின் நூலகத்திலேயே பைனரி சர்ச்சில் ஒரு பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. 2006-இல்தான் ஜோஷுவா பிளாக் அதை வெளியே சொன்னார். மறு வாரம் எழுத வராதவர்களிடம் இதைச் சொல்லுங்கள், வெட்கம் போகும்.

நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது இதுதான். ரன் செய்வதற்கு முன் என்ன வரும் என்று ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். மதி என்ற லிஸ்டில் 1, 2, 3 போடுங்கள். (பைத்தான் 3-இல் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், வையுங்கள்.) அடுத்த வரியில் நிலா = மதி. பிறகு நிலாவில் 4-ஐ அப்பெண்ட் செய்யுங்கள். இப்போது மதியைப் பிரிண்ட் செய்தால்? பதிலை எல்லாரும் சாட்டில் தட்டிவிட்டு, நீங்கள் சொல்லும்வரை அனுப்பாமல் வைத்திருக்கட்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத முடியாது. பலர் 1, 2, 3 என்பார்கள். உடனே விடையைக் காட்டிவிடாதீர்கள். மாறுபட்ட பதில் சொன்னவர்களை இருவர் இருவராகப் பேசவிட்டு, மறுபடி பதில் கேளுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மேசூர் 1990-களில் பிரபலமாக்கிய முறை இது. வீடியோ காலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. அதன்பிறகு பைத்தான் டியூட்டர் தளத்தில் அந்த வரிகளை ஓட்டிக் காட்டுங்கள். இரண்டு பெயர்களிலிருந்தும் அம்புகள் ஒரே லிஸ்டுக்குப் போவதை அது படமாக வரையும். அந்த அம்பு மனத்தில் பதியாதவருக்கு லிங்க்டு லிஸ்ட் ஒருநாளும் விளங்காது. பதிந்தவருக்கு அரை மணி நேரம் போதும்.

கைப்பேசிக்காரர்களுக்குத் தட்டச்சும் உள்தள்ளலுமே பாதி உயிரை எடுத்துவிடும். அவர்களுக்கு ஓடும் நிரலின் வரிகளைக் கலைத்துப்போட்டு அனுப்புங்கள். சரியான வரிசையை எண்ணிட்டு அனுப்பட்டும். நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸும் பாட்ரிசியா ஹேடனும் 2006-இல் அறிமுகப்படுத்திய பயிற்சி இது. தேவையில்லாத ஒரு வரியையும் நடுவில் நுழைத்துவிட்டால் இன்னும் நல்லது.

ராத்திரி வரும் போட்டோக்களுக்கு வருகிறேன். பைத்தான் நிறுவ முடியவில்லை, ஃபைல் திறக்கவில்லை என்றால் தயங்காமல் நீங்களே சரிசெய்து கொடுங்கள். அந்தப் போராட்டத்தில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. நிரலில் பிழை என்றால் போட்டோவை ஏற்காதீர்கள். என்ன வரும் என்று எதிர்பார்த்தார், என்ன வந்தது, அந்தப் பிழை வரும் மிகச் சிறிய நிரல் எது என்ற மூன்றையும் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். தேவையற்ற வரிகளை வெட்டிக்கொண்டே வரும்போது பிழை பெரும்பாலும் அவர் கண்ணிலேயே பட்டுவிடும். எர்ரர் செய்தியைக் கடைசி வரியிலிருந்து படிக்கவும் பழக்குங்கள். என்ன தவறு என்பது அங்கேதான் இருக்கும். அப்புறமும் கேட்டால், "எட்டாவது வரி வரும்போது அந்த லிஸ்டில் என்ன இருக்கிறது?" என்று ஒரு கேள்வியை மட்டும் திருப்பி அனுப்புங்கள். திருத்திய நிரலை அனுப்ப விரல் துடிக்கும். அன்பினால்தான் துடிக்கிறது, தெரியும். ஆனாலும் அனுப்பாதீர்கள். ஏஐ எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவந்தாலும் இதே கேள்விதான்.

உங்கள் சொந்தப் பிடிமானத்துக்கு என்பிடெல்லில் மாதவன் முகுந்த் நடத்திய பைத்தான் டேட்டா ஸ்ட்ரக்சர் விரிவுரைகள் இலவசமாகவே இருக்கின்றன. பார்த்துவிடுங்கள்.

வராமல் போன இருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், என்ன செய்து பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று கேளுங்கள். அவர்களில் ஒருவர் தையல் கடைக்காரராக இருந்தால் அவருக்கான நிரல் தயாராகவே இருக்கிறது: எந்தத் துணியை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும்? முதலில் லிஸ்டில் போட்டுத் தேதிவாரியாக சார்ட் செய்யட்டும். அவருடைய கடைக்கு அதுவே போதும். தீபாவளி நேரத்தில் நடுவே அவசர ஆர்டர்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் முழுக்க சார்ட் செய்யாமல் அடுத்து தைக்க வேண்டியதை மட்டும் எப்போதும் முன்னால் நிறுத்த முடியுமா என்று அவரே கேட்கக்கூடும். கேட்டால் ஹீப்க்யூ மாட்யூலைத் திறந்து காட்டுங்கள்.